சகலையின் கணிவெள்ளரி

சித்திரை பிறப்பதற்கு முந்தின மாலை, என் மனைவியின் தங்கையும் அவள் கணவரான என் சகலையும் காக்கநாட்டிலிருந்து எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு ஸ்கூட்டரில் வருவார்கள். மைத்துனியின் மடியில் துண்டில் சுற்றிய ஒரு கணிவெள்ளரி இருக்கும். வாசலில் இறங்கியதும் சகலை அதை வாங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து தலைப்பிள்ளையைக் கொண்டு வருகிற தகப்பன் மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடப்பார். துண்டை விலக்கினால் பொன் நிறத்தில் கொழுகொழுவென்று காய், அங்கங்கே மண். "காலைலதான் பறிச்சேன் சகலை. குளிப்பாட்டக்கூட இல்ல" என்பார். அடுத்த வாக்கியம் எப்போதும் எனக்கென்றே செய்தது. "உங்க தோட்டம் எப்படி? இந்தத் தடவையாவது காளான் முளைச்சுதா?"

வருஷப்பிறப்பன்று தூங்கி எழுந்ததும் முதலில் கண்ணில் பட வேண்டியது கணித் தட்டு. அரிசி, கொன்றைப்பூ, கண்ணாடி, நடுவில் பழுத்த வெள்ளரி. இந்த ஊரில் தலைமுறைகளாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு வேப்பம்பூப் பச்சடியும் வேண்டும், மலையாளத்துக் கணியும் வேண்டும். எங்கள் வீட்டுக் கணிக்கு வெள்ளரி கொண்டு வருவது சகலையின் உரிமை. பதினோராம் மாடியில், பால்கனியில் வலை கட்டி, அதில் கொடியேற்றிக் காய்க்க வைத்தது என்பது அவருடைய பெருமை. அதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பது என் கடமை.

எங்கள் முற்றத்தின் லட்சணம் அப்படி. கிழக்கே பழைய சுக்குக் கிடங்கின் சுவர், மேற்கே அடுத்த வீட்டுப் பலாமரம். இரண்டுக்கும் நடுவே சூரியன் ஏதோ தப்பு விலாசத்துக்கு வந்துவிட்டவன் போல எட்டிப் பார்ப்பான். நான் சாயாவை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் போய்விடுவான். அங்கே சேம்பு வரும், புதினா வரும், இஞ்சி வரும். தக்காளி மட்டும் மூன்று முழ உயரம் வளர்ந்து நாலு இலையோடு நிற்கும். வெண்டை பூக்கும், ஆனால் காய்ப்பது பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. சகலை வரும்போதெல்லாம் சேம்பு இலையைத் தடவிப் பார்த்து, "கொள்ளாம், நல்லாத்தான் வந்திருக்கு. மழை வந்தா குடைக்கு ஆகும்" என்பார். நான் சிரிப்பேன். அவர் போனபின் அந்தச் சேம்பை ஒரு உதை விடுவேன்.

அந்த மனிதர் ஒரு நாள் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. முதல் வருஷம் துக்கம், கணி வைக்கவில்லை. இந்த வருஷம் மைத்துனி தனியாக வருவதாகச் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி, "அவ கண்ணத் திறக்கும்போது வீட்டுல காய்ச்ச வெள்ளரி இருக்கணுங்க. அது இல்லாத தட்ட எப்படி அவகிட்ட காட்டுறது?" என்றாள். சகலை கடைசியாகக் கொண்டு வந்த காயின் விதைகளை அவள் சாம்பலில் புரட்டிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். நான் உடனே, "நம்ம முற்றத்துல காய்க்கும்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் இப்படித்தான், என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுக்கும்.

வல்லார்பாடத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் நான். ஒரு கப்பலே நாள் கணக்கில் தாமதமானாலும் பதறாமல் சாயா குடிக்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் பத்துப் பைகளில் மண் நிரப்பி, விதை போட்டு, வெயில் விழும் இடத்துக்கெல்லாம் பைகளை இழுத்துக்கொண்டு அலைந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. வெயில் நம்மைத் தேடி வரட்டும் என்று அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது செடிக்கு வெளிச்சம் தந்ததோ இல்லையோ, எதிர் மாடியில் குடியிருக்கும் சேச்சியின் சமையலறைக்குள் பாய்ந்தது. எனக்காகவே வைத்திருக்கிற பாதித் தமிழில் அவர் கத்தினார். "சேட்டா, எந்தா இது! அடுப்புப் பத்த வைக்காமலே தோசை வெந்துரும் போலயே!" கண்ணாடி மறுபடி அலமாரிக்குப் போனது.

சுவரில் கட்டிய கயிற்றில் ஏறிக் கொடி நீண்டது. நீண்டுகொண்டே இருந்தது. பூத்ததெல்லாம் ஆண்பூ. பங்குனி பிறந்தபின் ஒரே ஒரு பெண்பூ, அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு வந்தது. தேனீயை நம்பாமல், காது குடையும் பஞ்சுக்குச்சியால் நானே மகரந்தம் தடவினேன். காலையும் மாலையும் போய்க் குசலம் விசாரித்தேன். அது மஞ்சளாகி விழுந்தது. ஆபீஸில் ஒருவர், "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்கிற அளவுக்கு முகம் வெளிறியிருந்ததாம்.

வேறு என்ன செய்ய? வருஷப்பிறப்புக்கு முந்தின நாள் காய்கறிக் கடைக்குப் போய் நல்லதாக ஒன்று வாங்கினேன். கொடிக்கு அடியில் உட்கார்ந்து, அதன் மேல் முற்றத்து மண்ணை அள்ளித் தேய்த்தேன். "காய்ச்சிருச்சு! இலைக்குள்ள ஒளிஞ்சு தொங்கியிருக்கு, நாமதான் கவனிக்கல" என்று குரல் கொடுத்தேன். மனைவி ஓடி வந்தாள், காயை வாங்கினாள், அழுதுவிட்டாள். அந்த அழுகைக்கு நான் தயாராக இல்லை. உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள், தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள்.

விடியற்காலையில் மைத்துனியின் கண்ணைப் பொத்தி மனைவி கூட்டி வந்தாள். கையை எடுத்ததும் அவள் தட்டைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வெள்ளரியை மெதுவாகத் திருப்பினாள். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய ஒரு தேமல்.

"தொங்கின காய்க்கு வயிறு வெளுக்காது அத்தான்" என்றாள். "தரையில கிடந்து வளர்ந்ததுதான் இப்படி இருக்கும். எங்க வாங்கினீங்க?"

மனைவி என்னை முறைத்தாள். மைத்துனியோ புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, தட்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க வர்ற வழியில, தோப்பும்படிக் கடையில வாங்குவோம்" என்றாள். "எதிர்ல பெரிய கட்டடம் வந்தப்பவே பால்கனில வெயில் போச்சு. அப்புறம் ஒரு காய் காய்க்கல. 'சகலைகிட்ட மட்டும் சொல்லிராத, மானம் போயிரும்'னார். காய்தான் கடையோடது. மண்ணு எங்க பால்கனியோடதுதான். பொட்டலத்துல மடிச்சு எடுத்துட்டு வந்து, பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்தித் தேய்ப்பார்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எத்தனை வருஷம் அந்த மனிதரின் வெயிலை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்! எத்தனை சேம்புகளை உதைத்திருக்கிறேன்! இந்த வருஷம் முதுகொடிய நான் வளர்த்தது தோப்பும்படிக் கடைக்காரனின் விதை. அவரும் இருட்டில் உட்கார்ந்து ஆண்பூக்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு போன் போட்டு, 'எனக்கும் காய்க்கல சகலை' என்று சொல்லியிருந்தால், இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து ஆசை தீர வெயிலைத் திட்டியிருக்கலாம். இப்போது திட்டலாம் என்றால், திட்டு வாங்க ஆள் இல்லை.

மனைவி காயை வாங்கிக் கழுவப் போனாள். மைத்துனி தடுத்தாள். "இருக்கட்டும் அக்கா, மண்ணோடயே இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு நின்றிருந்தது. கண் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.

"அடுத்த வருஷமும் உங்க தோட்டத்துலதான் காய்க்கணும் அத்தான். கேட்டீங்களா? வயிறு வெளுக்காததாப் பாத்து வாங்குங்க."