நாலு கதவு

பழைய பனியன் கம்பெனியை ஆர்ட் மியூசியமா மாத்தித் தரணும்னு முதலாளி என்னைக் கூப்பிட்டப்ப, ஆர்க்கிடெக்டா நான் மொதல்ல வரைஞ்சது படம் மாட்டுற சுவரை இல்லை, கதவை. நாலு பக்கமும் நாலு கதவு. பஸ் ஸ்டாப்புக்குப் போற சனம் இந்தப் பக்கம் புகுந்து, ரெண்டு ஓவியம் பார்த்து, ஒரு டீயைக் குடிச்சுட்டு அந்தப் பக்கம் வெளிய போகணும். பின்கதவை ஒட்டுன ஹால்ல பிள்ளைங்களுக்கு டிராயிங் கிளாஸ்.

"ஏனுங்க அம்மிணி, எல்லாப் பக்கமும் தெறந்து வெச்சா பீஸு போயிருமுங்களே?"ன்னாரு முதலாளி. தைச்ச துணியைப் பீஸு பீஸுன்னே சொல்லிப் பழகுனவரு, ஓவியமும் அவருக்குப் பீஸுதான். நல்ல மனுசன், கட்டடத்தையே ஊருக்குக் குடுத்தவரு. ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்குப் பழைய பூட்டு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

படிக்கிற காலத்துல லீவுக்கு லீவு வேறொரு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவேன். பீஸ் திருடு போகும்னு அங்க பின்கதவுக்கு எப்பவும் பூட்டு. துணி வாங்குற வெளிநாட்டு பையர், பாதுகாப்பெல்லாம் செரியா இருக்கான்னு பார்க்க ஆடிட்டுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் தெறந்திருக்கும். அன்னைக்குப் பூட்டை என் டிபன் டப்பாவுல ஒளிச்சு வெக்கிறது என் வேலை. கெட்டிக்காரின்னாங்க. எனக்கும் அதுல பெருமை, வெக்கங்கெட்டவ! ஒருநாள் கட்டிங் பக்கம் புகை. பின்கதவுக்கு ஓடுனதுல நாந்தான் முன்னால. பூட்டைப் புடிச்சு இழுக்கிறேன், பின்னால வந்தவங்க என் முதுகுல வந்து மோதுறாங்க. எப்படியோ சாவி வந்துச்சு, தப்பிச்சோம். அதே பூட்டை அடுத்த ஆடிட்டுக்கும் ஒளிச்சு வெச்சவ நான்தான்.

அதனால இங்க ஒத்தைக் கால்ல நின்னேன். நாலு கதவும் இல்லாம, கட்டடம் பாதுகாப்பா இருக்குன்னு கையெழுத்துப் போடமாட்டேன்னேன். "செரிங்க அம்மிணி, உங்க இஷ்டமுங்க"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கலை.

தீயணைப்புத் துறையில இருந்து பரிசோதனைக்கு ஆளுங்க வந்த அன்னைக்கு நாலும் விரியத் தெறந்திருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழா அன்னைக்கு உள்ள வெச்ச டீக்கடையில நிக்க இடமில்லை. சந்தோசத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

போன ஞாயித்துக்கிழமை சொல்லாம கொள்ளாமப் போனேன். ரெண்டு பக்கமும் கதவை மறைச்சு அட்டைப்பெட்டி அடுக்கியிருந்துச்சு. சுத்திப் பின்னால ஓடுனேன். பின்கதவுல சங்கிலி, புதுப் பூட்டு. உள்ள பிள்ளைங்க சத்தம். நின்ன இடத்துல இருந்தே முதலாளிக்குப் போன் போட்டுக் கத்துனேன்.

"எதுக்குங்க இத்தனை கோபம்? பரிசோதனைக்கு யாராச்சும் வர்றாங்கன்னா முன்னாடியே சொல்லுங்க, தெறந்துருவோமுங்க"ன்னாரு.

பூட்டைப் புடிச்சு இழுத்தேன். கதவு தடதடன்னு ஆடுச்சு. உள்ள இருந்து ஒரு சின்னப் பொண்ணு, பொறுமையா, மரியாதையாச் சொன்னா:

"இது தெறக்காதுங்க. முன்னால சுத்தி வாங்க."