கடைசி வரி வரை தெரிந்த கண்

கண்ணாடிக் கடையில் அவருக்குக் ‘கடைசி வரி’ என்றுதான் பெயர். வந்தவர் எவரானாலும், மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டு, சுவரில் ஒளிரும் எழுத்துப் பலகையைக் காட்டி, எடுத்த எடுப்பிலேயே “கடைசி வரியைப் படிங்க” என்பார்.

“முதல் வரியே தெரியலேன்னுதானே வந்திருக்கேன்!”

“ஆசையைப் பெருசா வைங்க சார்.”

இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது. சட்டத்தில் வில்லையைச் சொருகும்போது அவர் விரல் ஒருநாளும் எவர் இமையிலும் பட்டதில்லை.

பிறகு ஒரு காலையில் மூளையின் பின்புறம், இரண்டு பக்கமும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு, நடை, பார்வை எல்லாம் தப்பித்தன. ஆனால் தண்ணீர் டம்ளரைப் பார்த்து “டம்ளர்” என்பார். கை ஒரு சாண் தள்ளிப் போய் மேசையைத் தடவும். ஒரு பொருளை உற்றுப் பார்த்தால் அதன் பக்கத்தில் இருப்பது கண்ணுக்கே வராது.

“கண்ணு பார்த்ததை மூளை ரெண்டு வழியா அனுப்பும்,” என்றார் டாக்டர். “கீழ்வழி, இது என்னன்னு சொல்லும். மேல்வழி, எங்க இருக்குன்னு சொல்லி, கையையும் கூட்டிட்டுப் போகும். உங்களுக்கு மேல்வழிதான் அடிபட்டிருக்கு.”

“வீட்ல எது எங்க இருக்குன்னு இவருக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்று மனைவி சிரித்தாள். வெளியே வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். மேல்வழி பற்றிக் கடை முதலாளியம்மாவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்ற பயம். வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில் அவரைக் ‘கடைசி வரி’ என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

முதல் நாளே வில்லை சட்டத்தில் இறங்காமல் ஒருவர் புருவத்தில் இடித்தது. “கை நடுங்குதும்மா,” என்று சமாளித்தார்.

“வில்லையை நான் மாட்டறேன். நீங்க எழுத்தை மட்டும் காட்டுங்கண்ணே,” என்றாள் முதலாளியம்மா.

அப்படியே மூன்று வாரம் நடந்தது. அவர் குச்சியால் எழுத்தைக் காட்டுவார், வந்தவர் படிப்பார், இவர் “சரி”, “தப்பு” என்பார். அதைக் கேட்டு, பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கும் முதலாளியம்மா வில்லையை மாற்றுவாள். இந்த மூன்று வாரமாகத் தப்பு கொஞ்சம் அதிகம்தான். ஊரில் எல்லோர் கண்ணும் கெட்டுப்போய்விட்டதோ என்று அவரே வியந்தார்.

நான்காம் வாரம், அங்கே கண்ணாடி வாங்கிய ஆசிரியை ஒருத்தி திரும்பி வந்தாள். “போட்டா தலை பிளக்குது. அன்னைக்கு ‘ட’வைக் காட்டினீங்க, ‘ட’ன்னேன், தப்புன்னீங்க. சரி, நமக்குத்தான் வயசாயிடுச்சுன்னு பேசாம இருந்துட்டேன்.”

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் பார்த்தது ‘ப’. குச்சி நின்றது ‘ட’வில். ‘ப’வைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குக் குச்சி தெரியவே இல்லை. நல்ல கண்களுக்கு அவர் நோய் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு உட்காரவைத்துவிட்டு, முதலாளியம்மா அவரையே நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் மற்றதை அட்டையால் மறைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, அவர் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தார்.

“பார்த்தீங்களா! என் கண்ணைவிட உங்க கண்ணு நல்லாருக்கு. ஏதோ அசதிண்ணே. ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டு வாங்க.”

தலையை ஆட்டினால் போதும். வேலை கையைவிட்டுப் போகாது. ஆசிரியையின் கைப்பை திறந்து கிடந்தது, உள்ளே ஒரு தலைவலி மாத்திரை அட்டை, பாதி காலி. அதையே பார்த்தார்.

“கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. எழுத்து என்னன்னு தெரியுது. எங்க இருக்குன்னு தெரியல. டாக்டர் அன்னைக்கே சொன்னார், நான்தான் உன்கிட்ட மறைச்சேன்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“இந்த மூணு வாரமா வந்தவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடு. வேற ஆளை வெச்சுப் பாரு.”

அவர் எழுந்து, முதலாளியம்மாவின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தபடி குச்சியை நீட்டினார். குச்சி அவளுக்கு இரண்டடி தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து நின்றது. அவள் மெல்ல நகர்ந்து, அவர் நீட்டிய இடத்தில் போய் நின்று, வாங்கிக்கொண்டாள்.