சொல்லாமல் விட்ட ஆபரேஷன்

கண்ணில் லென்ஸை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

போன வாரம், செங்கல்பட்டில் ஒரு கண் கிளினிக். காரை நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு நான் உள்ளே நுழைந்த நேரம் அது.

நாற்காலியில் இருந்தவர் என் தங்கை கணவர். அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம். அவருக்குக் கிளாக்கோமா... கண்ணுக்குள் பிரஷர் ஏறி, சத்தமில்லாமல் பார்வையைத் தின்கிற சனியன்! வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணையாவது காப்பாற்றலாம் என்று போன மாதம்தான் சென்னையில் ஆபரேஷன் செய்தோம்.

“இந்தக் கண்ல ஆபரேஷன் ஆயிருக்கா?” என்றார் டாக்டர்.

“ஆமா சார். போன மாசம்.”

“ஐயோ! வந்ததுமே கேட்டேனே... உறுத்துதுன்னு மட்டும்தானே சொன்னீங்க?”

மாப்பிள்ளை அசரவில்லை. “சொல்லிட்டா நீங்க அதையேதான் பாப்பீங்க சார். நீங்களா கண்டுபுடிக்கிறீங்களான்னு பாத்துகினு இருந்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆபரேஷன் செய்த இடம் அழுத்தம் தாங்காமல் திறந்து, உள்ளேயிருந்து நீர் கசிகிறதாம். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை என் கையைத் துழாவிப் பிடித்தார்.

“மச்சான்... இன்னா இது, எல்லாம் பொகையா கீது? லைட்டை அமத்திட்டாங்களா?”

லைட் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணுக்கு மூடி போட்டு, உடனே சென்னைக்கு விரட்டினார் டாக்டர். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டியதும் மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார்.

“மச்சான், உன் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாத.”

“யோவ் மாப்ள! மறைச்சது போதும்யா!” கத்திவிட்டேன். அப்போதும் மறைக்கப் பார்க்கிறாரே... இந்த மனுஷனை என்ன செய்வது?

ஆனால், அவர் மட்டுமா? புது டாக்டரிடம் போனால் நம்மில் எத்தனை பேர் பழைய சீட்டைக் காட்டுகிறோம்? பைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ‘எங்கே, இவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்’ என்று உட்கார்ந்திருக்கிறோம். டாக்டர் என்ன, ஜோசியரா?

மறுபடி தையல் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு நிழல் நிழலாகத்தான் தெரிகிறதாம். முழுப் பார்வை வருமா என்று தங்கை அழுதுகொண்டே கேட்டாள். “பார்க்கலாம்மா” என்றார்கள் டாக்டர்கள்.

டாக்டருக்குத் தாராளமாக டெஸ்ட் வையுங்கள் சார்... அவர் ஃபெயிலானால் போவது நம் கண்!