யாருக்கு வலம்?

கிரிவலப் பாதையில் வீடு இருப்பது புண்ணியம் என்பார்கள். பௌர்ணமியன்று அவர்கள் வந்து இருந்து பார்க்க வேண்டும். பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கேட்டைத் திறந்தால் கூட்டம் உள்ளே வரும். போனில் சிக்னல் செத்துவிடும்.

நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை லேசர் ஒளியில் சிக்கவைப்பது என் வேலை. இடக்கை, வலக்கை போல அவற்றில் இரண்டு வகை. சுழன்று வரும் ஒளி ஒன்றை இறுக்கிப் பிடிக்கும், மற்றதைக் கொஞ்சம் தளர்த்தி. அதை வைத்தே எது எதுவென்று சொல்லிவிடலாம்.

அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்காக லீவில் வந்திருந்தேன். பௌர்ணமியன்று காலை என் கைடு கூப்பிட்டார். நான் வலம் என்று எழுதியதெல்லாம் இன்னொருவர் போட்ட கணக்கில் இடம் என்று வருகிறதாம். சாம்பிளை மாற்றிவிட்டேனாம். சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் கட்டுரையிலிருந்து என் பகுதியையே எடுத்துவிடுவாராம். வருஷக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டது இதற்குத்தானா? பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஜன்னலில் நின்று எதிரே மலையை முறைத்தேன். ஜனங்கள் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இந்த வாட்டி வலம் வர்றவங்க ஜாஸ்திதான்," என்றாள் அம்மா, கட்டிலில் இருந்தபடி.

அட! மலையிலிருந்து பார்த்தால்தானே இவர்கள் போவது வலப்பக்கம்? என் ஜன்னலுக்கு இடப்பக்கம். ஒளியும் அப்படித்தான். புறப்படும் இடத்தில் நின்று பார்த்தால் வலமாகச் சுழல்வது, எதிர்கொண்டு பார்த்தால் இடமாகச் சுழலும். கணக்குப் போட்டவர் அந்தப் பக்கம் நின்றிருக்கிறார், நான் இந்தப் பக்கம். ஒளியின் பெயர் மாறினால் துகளின் பெயரும் மாறிவிடும். சாம்பிள் மாறவே இல்லை.

போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். டவர் டவுன் பக்கம் இருந்தது, கூட்டத்துக்கு எதிர்த்திசையில். நாலடி வைப்பதற்குள் ஒரு பெண் போலீஸ் கையை நீட்டி மறித்தார்.

"எதிர்ல போவக் கூடாதும்மா. அப்படியே சுத்தி வந்துடுங்க."

கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ள, நானும் திரும்பி நடந்தேன். செருப்பைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டேன். மலைக்குப் பின்பக்கம் போனபிறகுதான் சிக்னல் வந்தது. நின்று டைப் அடிக்க இடமில்லை. நடந்துகொண்டே எல்லாவற்றையும் விளக்கி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "சரிதான். பகுதி இருக்கட்டும். இத காலைலயே சொல்றதுக்கு என்ன?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். வந்த வழியே திரும்பிப் போகவும் முடியாது. மீதி மலையையும் சுற்றித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.