மாமா ஒழிக

எனக்கு வேலையையும் பெண்ணையும் கொடுத்தவர் ஒரே ஆள்தான், என் அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், ஆள் எடுப்பதும் வருகைப் பதிவும் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் காட்டுப்பாக்கத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிப் போய், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சேர்த்துவிட்டார். நான் பர்மனென்ட் ஆகும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே மகளைக் கொடுத்தார். அதுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர், கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து 'மாப்ள' என்றார். கோபம் வந்தால் மட்டும் பழையபடி 'டேய்' ஆகிவிடுவேன்.

வெள்ளானூரில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு போர்ஷன் பார்த்துக் கொடுத்தார். காலையில் அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவேன். கம்பெனி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, பீடி, வெற்றிலை விற்கும் ஒரு பங்க் கடையருகே இறக்கிவிட்டுவிடுவார். மாமனார் தயவில் வந்தவன் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாதாம். வாட்ச்மேனோ மாமாவுக்கு சலாம் வைக்கத் தூக்கிய கையை இறக்காமலே நான் வந்து சேரும்வரை நிற்பார்.

எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் கம்பெனியில் ஹெல்பர்கள் பலர் வருஷக்கணக்கில் தற்காலிகமாகவே இருந்தார்கள். சில மாதம் வேலை வாங்குவார்கள். பர்மனென்ட் கேட்கும் உரிமை நெருங்குகிற சமயத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் புது ஆள் போல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் பிரேக். அதைப் போய்ச் சொல்வது மாமாவின் வேலை. ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகிறவனை வழியனுப்புவது போல, தோளில் கை வைத்து, போய்ட்டு வாப்பா என்பார். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற ஹெல்பர்கள்கூட இப்படிப் போய்விட்டுப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி யூனியன் ஸ்டிரைக் அறிவித்தது. வழக்கமாகக் கோஷம் போடுகிறவருக்கு அந்தச் சமயம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. செயலாளரின் கண் என் மீது விழுந்தது. சின்ன வயதில் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசன வயலில் கிளி விரட்டிய தொண்டை எனக்கு. பிரஸ் ஓடும்போதே பக்கத்து ஷெட்டில் இருப்பவனைக் கூப்பிடுவேன். மறுக்க வழியில்லை.

ஸ்டிரைக்கின் முதல் நாள் காலையில், வீட்டு வாசலில் மாமா மொபெட்டை உதைத்துக் கிளப்பிவிட்டு எனக்காக நின்றார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். ஸ்டிரைக்குப் போகிறவன் எதற்குக் கைக்காசைச் செலவழிக்க வேண்டும், ஏறி உட்கார் என்றார். வழியில் ஆவடியில் டீயும் வாங்கிக் கொடுத்தார். வழக்கம் போலப் பங்க் கடையருகே இறங்கினேன். அவர் கேட்டுக்குள் போனதும் நான் பந்தலுக்கு முன்னால் நின்று தொடங்கினேன்.

நிர்வாகத்தின் அடக்குமுறை ஒழிக என்றேன். எஸ்டேட்டே அதிர்ந்தது. அடுத்து செயலாளர் எழுதித் தந்திருந்தபடி, டைம் ஆபீஸ் அராஜகம் என்று ஆரம்பித்தேன். எதிரே டைம் ஆபீஸ் ஜன்னல். உள்ளே மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'ஒழிக' என் வாயிலிருந்து இருமல் போல வந்து விழுந்தது.

செயலாளர் பக்கத்தில் வந்தார். "இன்னாபா, நிர்வாகம்னா தொண்ட கிழியுது. டைம் ஆபீஸ்னா மட்டும் வெறும் காத்து வருது?"

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

சாயங்காலம் மாமா எங்கள் போர்ஷனுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பாயில் உட்கார்ந்து, மகள் கொடுத்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"மாப்ள, நாளைக்கு நல்லா சத்தமா போடு. மொதலாளி ஜன்னலாண்ட நின்னுகினு கேக்கறான். உன் மருமவன் உனக்கு மட்டும் இன்னா தாலாட்டு பாடறான்றான். ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள சேர்ந்துகினு இருக்கோம்னு சந்தேகம் வந்துட்ச்சி. என் வேலைக்கே உலை வச்சிடுவ போலக்கீதே."

மறுநாள் நான் போட்ட சத்தத்தில் பங்க் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மாமா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து முறைத்தார். மிக நன்றாக முறைத்தார். ஆனால் வீட்டில் என் மனைவி காலையும் இரவும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சோறு போட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்மணியின் வீட்டுக்காரரும் எங்கள் கம்பெனிதான். அவர் மூலம் விஷயம் வந்துவிட்டது. உன் அப்பாதான் அப்படிப் போடச் சொன்னார் என்றேன். தன்னை ஒழிக என்று கத்தச் சொல்லி எந்த அப்பாவாவது கேட்பாரா என்றாள். மாமாவோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் தனக்காகச் சண்டை போடுவது அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

ஸ்டிரைக் நீண்டது. கடைசியில் அரசாங்க லேபர் ஆபீசர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். தொண்டைக்குக் கிடைத்த மரியாதையாக யூனியன் பக்கம் என்னையும் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். எதிர்ப் பக்கம் முதலாளியும், அவருக்கு அடுத்து இஸ்திரி போட்ட சட்டையில் மாமாவும். ஹெல்பர்கள் எல்லோரும் புது ஆட்கள், அனுபவமில்லாதவர்கள், எப்படிப் பர்மனென்ட் ஆக்குவது என்று முதலாளி சொன்னார். லேபர் ஆபீசர் மாமாவைப் பார்த்து, ஆள் எடுப்பது நீங்கள்தானே, அவர்கள் புது ஆட்களா என்று கேட்டார்.

மாமா எழுந்து நின்றார். "புதுசுதான் சார்" என்றார். முதலாளி தலையாட்டினார். "போன வருசமும் இவங்கதான் சார் புதுசு. அதுக்கு முந்தின வருசமும் புதுசாத்தான் இருந்தாங்க."

லேபர் ஆபீசர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். முதலாளியின் தலை ஆட ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்தது. பழைய ஹெல்பர்களை இரண்டு தவணையாகப் பர்மனென்ட் ஆக்க ஒப்புக்கொண்டார்கள். வெளியே எனக்கு மாலை போட்டார்கள். மாமாவைத் தேடினேன். முதலாளியின் காரில் வந்தவர், திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். மாலையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாரா என்று கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றார். "பஸ் வருது, ஏறு."

அடுத்த வாரமே அவரை டைம் ஆபீசிலிருந்து ஸ்டோர்சுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலி போய் ஸ்டூல் வந்தது. மின்விசிறியும் கிடையாது. எனக்கு மனசு ஆறவில்லை. செயலாளரிடம் போய், அவருக்காக யூனியன் பேச வேண்டும் என்றேன். செயலாளர் நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் மாமா ஸ்டாஃப் என்பதால் மெம்பராக முடியாது, விதியில் இடமில்லை என்றார். அவரை ஒழிக என்று சொல்ல மட்டும் விதியில் இடமிருந்ததா என்று கேட்டேன். அது பொதுக்குழு முடிவு என்றார்.

மாற்றலுக்குக் காரணம் கேட்டபோதுதான் என் மனைவிக்கு அப்பா வாயிலிருந்தே எல்லாம் தெரியவந்தது. அன்று இரண்டு பேருக்கும் சேர்த்து மீன் குழம்பு வைத்தாள். அப்பாவுக்கு நடுத்துண்டு, எனக்கு வால்.

மாமாவோ ஸ்டோர்சில் சௌகரியமாகத்தான் இருந்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்பும் வேலை இல்லையே என்றார். முதல் தவணையில் பர்மனென்ட் ஆனவர்கள் ஒருநாள் யூனிஃபாரமும் ஷூவும் வாங்க அவர் ஜன்னலுக்கு வந்தார்கள். நானும் கையுறை வாங்க அதே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், மாமா பலமுறை வழியனுப்பி வைத்த ஒரு ஹெல்பர். அவர் காலுக்கு ஏற்ற ஷூ இல்லை. ஒரு அளவு பெரியதாக எடுத்து வைத்தார் மாமா.

"இப்போதிக்கி இத்த போட்டுக்க. அடுத்த மாசம் சரக்கு வரும், வந்து மாத்திக்க. நீதான் அடுத்த மாசமும் இருப்பியே" என்றார்.

அந்த ஆள் ஷூவை வாங்கி, ஜன்னலை விட்டு நகராமல் அங்கேயே காலில் மாட்டிப் பார்த்தார். மாமா அவரை விலகச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து அடுத்த ஆள் என்றார்.