கையை வீசிக்கிட்டு வா

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வளையம்' என்றுதான் கூப்பிடுவோம். தொகுதியில் யார் இறந்தாலும் சட்டமன்ற உறுப்பினரின் சார்பில் மலர்வளையம் கொண்டுபோய் வைப்பது அவருடைய வேலை. கட்சி பார்க்கக் கூடாது. ஏழை பணக்காரன் பார்க்கக் கூடாது. போன தேர்தலில் மேடை போட்டு நம்மைக் கிழிகிழியென்று கிழித்தவர் வீடாக இருந்தாலும் வளையம் போயாக வேண்டும். எங்கள் மேடம் பதவிக்கு வந்தவுடன் போட்ட முதல் உத்தரவு இதுதான்.

மேடம் அரசியலுக்கு வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஒரு உயிர் போன பிறகு அந்த வீட்டு மனிதர்கள் எப்படித் திக்குத் தெரியாமல் நிற்பார்கள் என்று பார்த்துப் பழகியவர். எல்லா வீட்டுக்கும் தானே போக அவருக்கு ஆசைதான். ஆனால் சட்டமன்றம், கமிட்டிக் கூட்டம், கல்யாணம், திறப்பு விழா என்று ஆளைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அதனால் வளையத்தை அனுப்பினார். அனுப்பும்போது ஒன்று சொன்னார்.

"வெச்சுட்டு ஓடி வந்துடாதீங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க. அவங்க பேசினா கேளுங்க. என்கிட்ட வந்து சொல்லுங்க."

இதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். வளையத்தை வைத்துவிட்டு, அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் நின்று, "மேடத்தால வர முடியல. மனசு கேக்காம என்னை அனுப்பினாங்க" என்பார். பிறகு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஆறுதல் சொல்ல மாட்டார். தலையை ஆட்டவும் மாட்டார். அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே மனிதர்களுக்குப் பேச வரும். புருஷன் சம்பளத்தில் ஓடிய வீடு இனி எப்படி ஓடும் என்பார்கள். பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் என்பார்கள். அத்தனையும் மேடம் காதுக்கு வரும். மேடம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து அந்தந்தத் துறைக்கு அனுப்புவேன். அலுவலகத்தில் என் வேலை அது. விதவைப் பென்ஷன் வாங்க நடையாய் நடக்க வேண்டிய ஊரில், எங்கள் தொகுதிப் பெண்களுக்குக் கண்ணீர் காய்வதற்குள் கிடைத்தது என்றால் அதற்குக் காரணம் அந்தக் கடைசி நாற்காலிதான்.

மேடத்தின் பெரிய கோரிக்கையும் அங்கிருந்துதான் வந்தது. புற்றுநோய் வந்தவர்கள் எல்லோரும் தலைநகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். பாதிப் பேர் பயணத்துக்குப் பயந்தே சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள் என்று வளையம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே அதற்கு ஒரு பிரிவு வேண்டும் என்று மேடம் பிடித்த பிடியை விடவில்லை. சட்டமன்றத்தில் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் எழுந்து இதையே கேட்டார். "அம்மா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சொந்தக் கட்சிக்காரர்களே சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் கார் இருக்கிறது.

இத்தனை நல்லது செய்த மனிதருக்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன தெரியுமா? அவரைக் கண்டாலே பயம். டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினால், "யாருப்பா? எந்தத் தெரு?" என்பார்கள். டீ குடிக்க வந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள், "வேலை இருந்தா சிரமப்பட்டு வர வேணாம்" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போவார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று எங்கள் டிரைவர் கிண்டல் செய்வார். "பொண்ணு பாக்கப் போய் நின்னா, பொண்ணோட அப்பா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு!" வளையமும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பென்ஷனுக்கு வழி செய்தவரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

அவரோ யாரையும் குறை சொன்னதில்லை. தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார். நோயாளி இருக்கிற வீட்டு வாசலை மிதிப்பதில்லை. எங்கள் காவலாளிக்குக் கால் முறிந்தபோதுகூட என்னிடம் பழங்களைக் கொடுத்தனுப்பிவிட்டு, தான் அலுவலகத்திலேயே இருந்துவிட்டார்.

அவருக்கு இருந்தது ஒரே தங்கை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொடுத்து அவர்தான் வளர்த்தார். மரக்கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், லேத் பட்டறையில் வேலை செய்கிறவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம். அலுவலகத்துக்குப் போன் செய்தால் அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன் என்னை ஒரு வாங்கு வாங்காமல் விடமாட்டாள். "என்ன சார், இன்னும் ரெண்டு விரல்லதான் தட்டிக்கிட்டு இருக்கீங்களா?" என்பாள்.

அவளுக்குத்தான் அந்த நோய் வந்தது.

தலைநகரத்துக்குப் போய் வந்த நாட்களில் அண்ணன் பஸ் நிலையத்தில் காத்திருப்பார். பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பார், பஸ் கிளம்பும்வரை நிற்பார். பிறகு அந்தப் பயணமும் அவளுக்கு முடியாமல் போனது. டாக்டர்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் போனில் மட்டுமே பேசிக்கொண்டார்கள். அவர் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு பேசுவார் என்பதால் எனக்கும் கேட்கும்.

"ஒரு தடவை வந்துட்டுப் போயேன், அண்ணே."

"உடம்பு தேறட்டும்மா. வர்றேன்."

"தேறிட்டா நானே வந்துடுவேனே. அப்புறம் நீ எதுக்கு?"

அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணும் வாங்கிட்டு வராதே, என்ன? உன் கையில எதையாவது பாத்தா தெருவே மயக்கம் போட்டுடும். சும்மா கையை வீசிக்கிட்டு வா." அவள் சிரித்தது இருமலில் போய் முடிந்தது.

போனை வைத்த பிறகு நான் அவரைப் பிடித்துக் காய்ச்சினேன். "கூப்பிடுறா இல்ல? போறதுக்கு என்ன கேடு?" என்றேன். "நான் வாசல்ல வந்து நின்னா, தனக்கு நேரம் வந்துடுச்சுன்னு அவ நெனச்சுட்டா?" என்றார். "அவதானேய்யா கூப்பிட்டா!" என்றேன். யோசித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று கட்டம் போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே போனார்.

சந்து முனையில் குழாய். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் புருஷன் இறந்தபோது அந்த வீட்டுக்கு வளையம் கொண்டுபோனவர் இவர்தான். கட்டம் போட்ட சட்டை அவள் கண்ணில் படவே இல்லை. குடம் கையிலிருந்து நழுவியது. "ஐயோ, போயிட்டியாடி, மகராசி!" என்று அலறிக்கொண்டு தங்கையின் வீட்டை நோக்கி ஓடினாள். கதவுகள் திறந்தன. நாலைந்து பெண்கள் அழுதுகொண்டே பின்னால் ஓடினார்கள். "இல்லம்மா, சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று இவர் சொன்னது அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. உள்ளே படுத்திருக்கிறவளின் காதில், தன் சாவுக்காகத் தன் வாசலிலேயே அழுகிற சத்தம் விழுந்திருக்கும். அவர் அங்கே நிற்கவில்லை. திரும்பி நடந்து வந்துவிட்டார்.

மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன்பின் தங்கைக்குப் போனில் பேசும் அளவுக்குத் தெம்பில்லை. மைத்துனர்தான் பேசுவார். அதிகம் பேசத் தெரியாத மனிதர். "கேட்டுக்கிட்டே இருக்கா மச்சான், வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே என்ன நடந்தது என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை.

பொறுக்க முடியாமல் நான் மேடத்திடம் போய்ச் சொன்னேன். மேடம் உடனே அவரைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை நான் உங்ககூட வர்றேன். என் வண்டியிலயே போவோம். என்னைப் பாத்தா யாரும் அழ மாட்டாங்க, ஏதோ தண்ணித் தொட்டி திறக்க வந்திருக்காங்கன்னு நெனச்சுக்குவாங்க."

பல நாளைக்குப் பிறகு வளையம் சிரித்தார். தங்கை வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் சட்டமன்றத்திலிருந்து தகவல் வந்தது. சுகாதாரத் துறை விவாதம் மறுநாளே வருகிறது, மேடம் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அமைச்சர் பதில் சொல்வார். இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் மேடம் இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் வளையத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்காமல் போயிருந்தாலும் தப்புத்தான்.

"போயிட்டு வாங்க மேடம். அதுவும் அவளை மாதிரி ஆளுங்களுக்குத்தானே" என்றார்.

"வெள்ளிக்கிழமை காலையில முதல் வேலை இதுதான்."

"சரிங்க மேடம்."

தனியாகப் போங்கள் என்று நான் மறுபடியும் சொன்னேன். குழாயடியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றார். ஒரே நாள்தானே என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை மேடத்தின் உதவியாளர் சட்டமன்றத்திலிருந்து கூப்பிட்டார். மேடம் பேசி முடித்துவிட்டார், அமைச்சர் எழுந்து ஒப்புக்கொண்டுவிட்டார், எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய்ப் பிரிவு வருகிறது. அலுவலகமே துள்ளிக் குதித்தது. டிரைவர் வளையத்தைக் கட்டிப்பிடித்து, "இது உங்களால வந்ததுய்யா!" என்றார். வளையம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று தன் போனைத் தேடினார்.

அந்த நேரத்தில் என் மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்தேன். யாரோ தொண்டை அடைத்துப்போய்ப் பேசினார்கள். இப்படித் தினமும் வருகிற போன்தான். பழக்கதோஷத்தில், "எந்தத் தெருங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் சார்" என்றார் மைத்துனர். "மச்சான்கிட்ட நேரா சொல்ல வாய் வரல."

நான் போனை வைத்தேன். வளையம் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் இந்த மேசையில் செய்தி வாங்கிக்கொண்டு கிளம்பியவருக்கு என் முகமே போதுமானதாக இருந்தது. உள்ளே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் பூக்கடைக்காரர், யாருக்கு என்று தெரியாமலே, மேடம் பெயர் எழுதிய நாடாவைக் கட்டி மலர்வளையத்தைக் கொடுத்தார். இவரும் வாங்கிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்து அதை மடியில் பிடித்துக்கொண்டு வந்தது நான்.

குழாயடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். வாசலில் வளையம் வண்டியை நிறுத்தினார். என் கையிலிருந்து மலர்வளையத்தை வாங்கினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பி வந்து அதை மறுபடியும் என் மடியிலேயே வைத்தார்.

"நீங்களே வெச்சிருங்க சார். கையை வீசிக்கிட்டு வரச் சொன்னா."

வெறுங்கையோடு உள்ளே போனார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் மலர்வளையத்தை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். இடம் போதாமல் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஆனால் தலைமாட்டில் ஒரு மர நாற்காலி காலியாகவே இருந்தது.

மைத்துனர் வந்து இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஏன் மச்சான் திரும்பிப் போயிட்டீங்க?" என்றார். "வாசல்ல அழுகைச் சத்தம் கேட்டதும் நாங்கல்லாம் பதறிட்டோம். இவ மட்டும் சிரிச்சா மச்சான். 'எங்கண்ணன் வந்துடுச்சு, அதான் எல்லாம் கத்துதுங்க, போய்க் கூட்டிட்டு வாங்க'ன்னா. அந்த நாற்காலியைப் பக்கத்துல போடச் சொன்னா. தலை வாரிவிடச் சொன்னா. நான் தெருமுனைக்கு ஓடி வந்து பாக்குறேன், உங்களைக் காணோம். அதுக்கப்புறம் அந்த நாற்காலியில யாரையும் உக்கார விடல. எங்கண்ணன் வரும்னு சொல்லிட்டா."

வளையம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கம்பக்கத்தில் யாரோ வழக்கம்போல அவரிடம் ஏதோ குறை சொல்ல வந்தார்கள். நான் கையைப் பிடித்து அந்தப்பக்கம் இழுத்துப் போய்விட்டேன்.

சாயங்காலம் மேடம் சட்டமன்றத்திலிருந்து நேராக வந்து இறங்கினார். திண்டிலிருந்த மலர்வளையத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் காலடியில் வைத்தார். ஆஸ்பத்திரிப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, வளையம் பேசட்டும் என்று காத்திருந்தார்.

"என்னைத்தான் கூப்பிட்டா மேடம்" என்றார். "குழாயடி வரைக்கும் வந்தேன்."