டீச்சர் சொன்ன ஒரு சுற்று

எங்கள் ஊரில் சுற்று என்றால் மலையைச் சுற்றுவதுதான். "ஒரு சுத்து போயிட்டு வந்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது, எதை என்று கேட்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். எங்கள் டிரில் டீச்சர் இது தெரியாமல் பட்டணத்திலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தார்கள். அதன் பலனை என் கால்கள் அனுபவித்தன.

எனக்கு அப்போது பதினோரு வயது. வேலூரில் நடக்கவிருந்த ஓட்டப்பந்தயத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நானூற்று நாற்பது கஜம். தினமும் எவ்வளவு ஓடிப் பழக வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இப்போதைக்கு டெய்லி ஒரு சுத்து ஓடு, போதும். பழகினப்புறம் ரெண்டாக்கிக்கலாம்."

எட்டு மைலுக்கு மேல்! அது போதுமாம்! ஆனால் முடியாது என்று சொன்னால் என் இடம் பக்கத்து வகுப்பு நெட்டைக்காலிக்குப் போய்விடும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பந்தயம் என்றதும் முகத்தைச் சுளித்த அப்பா, தினமும் மலையைச் சுற்ற வேண்டுமாம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பட்டணத்திலும் இவ்வளவு பக்தியுள்ள டீச்சர் இருக்கிறார்களே என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். என்னைத் தனியாக அனுப்ப முடியாது. அதனால் அப்பாவின் தங்கையான என் அத்தை துணைக்கு வந்தாள். புருஷன் வீட்டில் சரிப்படாமல் அவள் திரும்பி வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள் என்று அவளைக் கடைக்குக்கூட அனுப்பமாட்டார்கள். சாமி காரியத்தை யார் என்ன சொல்ல முடியும்?

"நீயும் சுத்து. அந்த மனுஷனுக்கு நல்ல புத்தி வரட்டும்" என்றார் அப்பா.

விடிகிற நேரத்தில் கிளம்புவோம். மலையை நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல மெல்லச் சுற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். நாங்களோ செருப்பில்லாத காலோடு குதிகால் பிடரியில் பட ஓடினோம். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போவாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்தவர் தினமும் எங்களைப் பார்த்துக் கத்துவார்.

"மெதுவா போங்கம்மா! மலை எங்கியும் ஓடிப் போவாது!"

பாதி வழிக்கு மேல் நான் ஓடியதாகச் சொன்னால் அது பொய். இழுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத அத்தை, வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். எனக்கு வலி தெரியாமல் இருக்கத்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் காலிலும் முள் தைத்தது. என்னால்தானே இவளுக்கும் இந்தக் கஷ்டம் என்று அழுகை வரும். பாவம், ஒரு நாளாவது முகம் சுளித்தாளா!

பத்து நாளில் என் பாதமெல்லாம் கொப்புளம். கணக்குப் பாடத்தில் தூங்கி விழுந்தேன். வெள்ளிக்கிழமை டீச்சர் என்னை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முன்னைவிட மோசம்.

"என்னம்மா இது? திங்கட்கிழமையிலேருந்து ரெண்டு சுத்து ஓடு."

அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"ரெண்டு சுத்து ஓடினா நான் எப்போ ஸ்கூலுக்கு வர்றது டீச்சர்?"

"ஏன், அஞ்சு நிமிஷம்கூட ஆகாதே?"

"அடி அண்ணாமலைக்குப் போறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது டீச்சர்!"

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் மலையைப் பார்த்தார்கள். அப்புறம் என் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடிப் பாவிப் பொண்ணே! நான் சொன்னது இந்த கிரவுண்டை!"

மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன். ஒரு மாமரம், ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! அந்தக் கோட்டின்மேல் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ரெண்டு நாள் கால் புண்ணை ஆற விடு" என்றார்கள். "ஓடும்போது பேச முடியணும். மறுநாளும் ஓட ஆசை இருக்கணும். அதுதான் உனக்கு அளவு. அதுக்கு மேல யார் சொன்னாலும் ஓடாதே, நானே சொன்னாலும்."

வீட்டுக்கு நொண்டிக்கொண்டே பறந்தேன். அப்பா கொஞ்சம் ஏமாந்துபோனார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி, டீச்சர் சொன்ன அளவையும் ஒப்பித்தேன்.

"அப்படிப் பார்த்தா எனக்கு ஒரு சுத்து சரியாத்தான் இருந்திச்சு" என்றாள் அத்தை.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் போவ வேணாமா பாப்பா?" என்று கேட்டாள்.

"வேணாம் அத்தே! இனிமே நீயும் நிம்மதியா தூங்கலாம்" என்றேன், அவளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட சந்தோஷத்தோடு.